முதல் மரச்சிலந்தி

டரான்டுலா வளர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தரைச்சிலந்தியில்தான் தொடங்குகிறார்கள். மத்திய அமெரிக்காவின் சுருள்முடிச் சிலந்தி, சிலியின் ரோஜாமுடிச் சிலந்தி என்று சில இனங்கள் இதற்கென்றே பெயர் பெற்றவை. பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி இருந்த இடத்திலேயே இருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக் கழுவித் திரும்ப வைத்தாலும் கண்டுகொள்ளாது. ஓராண்டு இப்படிப் போனபின் வளர்ப்பவருக்குக் கொஞ்சம் துணிச்சல் வருகிறது, கூடவே கொஞ்சம் சலிப்பும். கண்ணாடியில் ஏறி நிற்கும், பட்டைக்கும் இலைக்கும் நடுவே வெள்ளைக் குழாய் நெய்யும், நீலமும் பச்சையுமாக மின்னும் மரச்சிலந்திகள் மேல் கண் போவது அப்போதுதான்.

நிறத்தைப் பார்த்து மயங்கி வாங்குவதில்தான் தொல்லை ஆரம்பிக்கிறது. மரச்சிலந்தி வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பயந்தால் இது என்ன செய்யும்? அழகு, அளவு, விலை எல்லாம் அதற்கு அப்புறம்.

தரைச்சிலந்தியும் மரச்சிலந்தியும் தெரஃபோசிடே என்ற ஒரே குடும்பம்தான். ஆனால் உடம்பின் கணக்கு வேறு. தரையில் வளை தோண்டி வாழ்வதற்குக் கனத்த வயிறும் தடித்த குட்டைக் கால்களும் போதும். இரண்டடி உயரத்திலிருந்து விழுந்தாலே அந்த வயிறு கிழிந்துவிடலாம். சிலந்திக்கு அது சாதாரணக் காயம் கிடையாது. சிலந்தியின் காலில் மடக்கத் தசை உண்டு; முக்கியமான இரண்டு மூட்டுகளில் நீட்டத் தசை கிடையாது. முன்னுடம்பிலிருந்து இரத்தத்தை அழுத்திக் காலுக்குள் தள்ளித்தான் காலை நீட்டுகிறது. வயிறு கிழிந்து இரத்தம் வடிந்தால் அழுத்தம் போகும், அதோடு நடையும் போகும். செத்த சிலந்தி எட்டுக் கால்களையும் உள்ளே சுருட்டிக்கொண்டு கிடப்பதற்கும் இதுதான் காரணம். நீட்டுவதற்கு அழுத்தம் இல்லை, மடக்கும் தசை மட்டும் மிச்சம்.

மரத்தில் வாழும் இனங்கள் இந்தச் சிக்கலை இரண்டு வழியில் சமாளித்திருக்கின்றன. ஒன்று, உடம்பு இளைத்தது, கால் நீண்டது. இன்னொன்று பாதம். மரச்சிலந்தி கண்ணாடியில் ஏறி நிற்கும்போது அடிப்பக்கமிருந்து பார்த்தால், பாதம் துடுப்பு வடிவில் அகன்று, வெல்வெட் ஒட்டினதுபோல் அடர்ந்த முடியோடு தெரியும். அந்த ஒவ்வொரு முடியின் நுனியும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான கிளைகளாகப் பிரிகிறது. பசை எதுவும் இல்லை. பரப்பும் பரப்பும் மிக நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கு இடையே தோன்றும் சிறு ஈர்ப்புகளின் கூட்டுத்தொகைதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. பல்லியின் பாதமும் இதே கணக்குத்தான்.

இதை ஒட்டி ஆய்வாளர்களுக்குள் ஒரு சச்சரவும் நடந்தது. 2006-இல் ஸ்டானிஸ்லாவ் கோர்பும் அவர் குழுவினரும் டரான்டுலாவின் பாதத்திலிருந்தே நூல் சுரக்கிறது என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். 2011-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கிளேர் ரிண்ட் ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் நுண்ணோக்கித் தகடுகளைப் பரப்பி, மேலே சிலந்தியை விட்டு, தொட்டியை மெல்லச் செங்குத்தாகச் சாய்த்துக் குலுக்கினார். சிலந்தி கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துக்கொண்டது. வழுக்கிய இடத்துத் தகடுகளில் மெல்லிய இழைகள் இருந்தன. ஆக, விழாமல் இருக்கப் பாதத்திலிருந்து நூல் விடுகிறது என்றார். மறு ஆண்டே உருகுவேயின் பெர்னாண்டோ பெரெஸ்-மைல்ஸ் மறுத்தார். வயிற்று நுனியிலிருக்கும் நூல் உறுப்புகளை அடைத்துவிட்டுச் சோதித்தால் இழை எதுவும் இல்லை. பின்னால் சுரந்த நூல்தான் காலில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றார். எனக்கு இந்த மறுப்புதான் வலுவாகப் படுகிறது. வளர்ப்பவருக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒரு செய்தி உண்டு: கண்ணாடியில் நிற்கும் சிலந்தியும் வழுக்கும்.

பயத்துக்கு வருவோம். டரான்டுலாக்களை வளர்ப்பவர்கள் புதிய உலகம், பழைய உலகம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். அமெரிக்கக் கண்டங்களின் இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் மேல் சுணைமுடிகள் உண்டு. பின்காலால் தேய்த்துக் காற்றில் பறக்கவிடும். கம்பளிப்பூச்சி பட்டதுபோல் தோல் அரிக்கும். கண்ணில் விழுந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா இனங்களுக்கு இந்த ஆயுதம் கிடையாது. அவற்றுக்கு வேகம், இல்லாவிட்டால் பல்.

அமெரிக்காவிலேயே விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. டிரினிடாட் தீவின் சல்மோபியஸ் கேம்பிரிட்ஜி. பச்சை கலந்த பழுப்பில் அம்புக்குறி வரிகளோடு இருக்கும், வேகமாக வளரும், நன்றாகச் சாப்பிடும், விலையும் மலிவு. அதனாலேயே இதைப் புதியவர்களுக்குச் சிபாரிசு செய்கிறவர்கள் உண்டு. ஆனால் இதற்குச் சுணைமுடி இல்லை. அதன் விஷத்தில் இருப்பது வேறு விவகாரம். 2006-இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் இந்தச் சிலந்தியின் விஷத்திலிருந்து மூன்று சிறு புரதங்களைப் பிரித்தெடுத்தது. மிளகாயைக் கடித்தால் நாக்கில் எரிச்சலை உண்டாக்கும் அதே நரம்பு வாயிலை அவை திறந்துவிடுகின்றன. அந்த வாயிலைக் கண்டுபிடித்ததற்காக ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாய்ச் செடி தன் பழத்தைக் காக்கத் தேர்ந்த அதே வலியைச் சிலந்தியும் தனியே தேர்ந்திருக்கிறது. படிக்கச் சுவையான சேதிதான், கடி வாங்கியவருக்கு அப்படி இராது. சல்மோபியஸ் கடித்து ஆபத்தாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டாவது மரச்சிலந்தியாக வரட்டும்.

நம் ஊர்ச் சிலந்திக்கு இன்னும் பெரிய எச்சரிக்கை தேவை. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பொய்சிலோதீரியா பேரினம், உலகம் முழுக்க வளர்ப்பவர்கள் ஆசைப்படும் மரச்சிலந்தி. சாம்பலும் கறுப்பும் வெள்ளையுமாக முதுகில் நுணுக்கமான கோலம், மரப்பட்டையோடு பட்டையாக மறைந்துவிடும். மிரண்டால் முன்கால்களைத் தூக்கும், அடிப்பக்க மஞ்சள் பட்டைகள் பளீரென்று தெரியும். லண்டன் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து 1899-இல் ரெஜினால்டு போகாக் இவற்றில் பலவற்றுக்குப் பெயர் வைத்தார். ரீகாலிஸ் என்ற இனத்துக்கு அவர் பார்த்த மாதிரி அரக்கோணத்திலிருந்து வந்தது, ஃபார்மோசாவுக்குச் சேலத்துப் பக்கமிருந்து, உடம்பெல்லாம் நீலமான மெட்டாலிகாவுக்கு ஆந்திரத்தின் குத்தி என்ற ஊரிலிருந்து. 2004-இல் ஆண்ட்ரூ ஸ்மித் இராமேசுவரத்திலிருந்து ஹனுமவிலாசுமிகா என்று இன்னொன்றைச் சேர்த்தார்.

இவை கடித்து யாரும் இறந்ததாகப் பதிவில்லை. ஆனால் டரான்டுலாக் கடி குளவிக் கொட்டு மாதிரிதான் என்ற வழக்கமான ஆறுதல் இங்கே செல்லாது. கடிபட்டவர்களின் விவரங்களைத் திரட்டி 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. கடிவாயில் வலி, பிறகு உடம்பில் தொலைவான இடங்களில் கடும் தசைப்பிடிப்பு. அடங்கிவிட்டது என்று நினைத்த பிறகு நாட்கள் கழித்துத் திரும்பவும் பிடித்திருக்கிறது. மின்னல் வேகமும் சேர்ந்திருப்பதால், டப்பாவைத் திறந்து மூடுவதற்குள் கைமேல் ஏறிவிடக்கூடிய விலங்கு இது. புதியவருக்கு வேண்டவே வேண்டாம்.

வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. இவற்றின் இருப்பிடம் மிகச் சிறியது. குத்தி மாதிரியை வைத்துப் போகாக் பெயரிட்ட மெட்டாலிகா 100 ஆண்டுகளுக்கு மேல் கழித்து நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில்தான் மறுபடி தென்பட்டது. மெட்டாலிகா, ஹனுமவிலாசுமிகா இரண்டையும் 2008-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் மிக அருகிய இனங்கள் பட்டியலில் வைத்தது. விறகுக்கும் மரக்கட்டைக்கும் போகும் ஒவ்வொரு பழைய பொந்து மரமும் ஒரு குடும்பத்தை இழக்கச் செய்கிறது, மிச்சத்தைப் பிடித்து விற்கிறவர்கள் தனி. அருகிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2019-இல் ஜெனீவாவில் கூடி இந்தப் பேரினம் முழுவதையும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தது. அரக்கோணத்திலோ சேலத்திலோ இருப்பவருக்கு இரவில் டார்ச் அடித்துப் பழைய புளியமரத்துப் பொந்தில் பார்க்க வாய்ப்பிருக்கும் ஒன்றை டப்பாவில் அடைப்பானேன் என்பது என் கட்சி.

வெளிநாட்டுச் சிலந்திகளுக்கும் சட்டம் உண்டு. உயிருள்ள விலங்கை இறக்குமதி செய்ய இந்தியாவில் உரிமமும் நலச் சான்றும் வேண்டும். 2021 ஜூலையில் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த ஒரு தபால் பொட்டலத்தைச் சுங்கத்துறை பிரித்தபோது, வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய குட்டிக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. காகிதம் எதுவும் இல்லாததால் வந்த வழியே திருப்பியனுப்பச் சொன்னார்கள். போக வரப் பிழைத்தவை எத்தனையோ. சிங்கப்பூரில் டரான்டுலா வளர்ப்பதே குற்றம். ஆகவே எந்த நாட்டில் இருந்தாலும், கூண்டில் பிறந்த குஞ்சு என்று சொல்லி ரசீது தருபவரிடம் மட்டும் வாங்க வேண்டும்.

இத்தனையும் கழித்தபின் மிஞ்சுவது தென்னமெரிக்காவின் அவிகுலேரியா அவிகுலேரியா. ரோஜாப்பாதச் சிலந்தி என்று சொல்லலாம். கரிய உடம்பு, கால் நுனிகள் மட்டும் இளஞ்சிவப்பு. கயானா, சுரினாம், வெனிசுவேலா, பிரேசில் பக்கத்துக் காடுகளிலும் வீட்டுக் கூரை ஓரங்களிலும் வாழ்வது. 1699-இல் மகளோடு சுரினாமுக்குக் கப்பலேறிய ஓவியர் மரியா சிபில்லா மெரியன் 1705-இல் வெளியிட்ட நூலில், கொய்யாக் கிளையில் ரீங்காரச்சிட்டைத் தின்னும் சிலந்தியை வரைந்திருந்தார். பறவையைச் சிலந்தி தின்பதாவது என்று ஆண் அறிஞர்கள் நூறாண்டுக்கு மேல் கேலி செய்தார்கள். 1863-இல் இயற்கையியலாளர் ஹென்றி பேட்ஸ் அமேசானில் நேரில் பார்த்ததை எழுதியபின் பேச்சு அடங்கியது. மெரியனின் ஓவியத்தை மனத்தில் வைத்துத்தான் லின்னேயஸ் 1758-இல் இதற்குப் பறவையை நினைவூட்டும் பெயர் வைத்தார். நிஜத்தில் இது தின்பதெல்லாம் பெரும்பாலும் பூச்சிதான்.

பயந்தால் இது என்ன செய்யும்? முதலில் ஓடி நூல்குழாய்க்குள் புகும். வழியில்லையென்றால் தாவும். அதற்கும் வழியில்லையென்றால் பின்பக்கத்தைத் திருப்பிக் கழிவைப் பீய்ச்சும், குறியும் தப்பாது. சுணைமுடி இருக்கிறது, ஆனால் உரசினால்தான் ஏறும். கடிப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. வளர்ப்பவர் தடுமாறும் நாட்களில் இந்த வரிசைதான் அவரைக் காப்பாற்றும். இதே காரணத்துக்காகக் கையில் எடுத்து விளையாடவும் கூடாது. தாவுகிற விலங்குக்கு உங்கள் உள்ளங்கை ஒரு கிளை மட்டுமே, அடுத்த கிளை எங்கே என்று பார்க்காமல் குதித்துவிடும்.

இதோடு போட்டிக்கு வருவது மார்டினிக் தீவின் காரிபெனா வெர்சிகலர். குஞ்சாக இருக்கும்போது முழு நீலம், வளர வளரப் பச்சை முன்னுடம்பும் செந்நீல வயிறுமாக மாறும். நீலம் என்றால் சாயம் இல்லை. முடிக்குள் இருக்கும் நானோ அடுக்குகள் நீல ஒளியை மட்டும் திருப்பியனுப்புகின்றன. டரான்டுலாக் குடும்பத்தில் இந்த நீலம் குறைந்தது 8 முறை தனித்தனியே தோன்றியிருக்கிறது என்று 2015-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொள்ளை அழகுதான். ஆனால் சந்தையில் வெர்சிகலர் பெரும்பாலும் நகக்கண் அளவுக் குஞ்சாகவே கிடைக்கும், அந்த அளவில் மரச்சிலந்தி சாகிற வேகம் புதியவரை மனம் நோகச் செய்துவிடும். கொஞ்சம் வளர்ந்தது கிடைத்தால் வெர்சிகலரே முதல் சிலந்தியாக இருக்கட்டும், தடை சொல்ல மாட்டேன். நிறம் மாறும் வேடிக்கை ரோஜாப்பாதத்திலும் உண்டு. குஞ்சில் கால்கள் இளஞ்சிவப்பு, நுனி கறுப்பு. வளர்ந்தபின் அப்படியே தலைகீழ்.

குஞ்சுகள் ஏன் அப்படிச் சாகின்றன என்பதுதான் இந்த அத்தியாயத்தின் முக்கியமான விஷயம். இந்தச் சிலந்திகள் மழைக்காட்டில் வாழ்பவை, மழைக்காடு ஈரமானது, ஆகவே டப்பாவும் ஈரமாக இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் எல்லாப் புத்தகங்களும் சொல்லின. வளர்ப்பவர்கள் மூடிய டப்பாவில் ஈரப்பாசியைத் திணித்து, தினமும் தண்ணீர் தெளித்தார்கள். நேற்றுவரை சாப்பிட்ட குஞ்சு இன்று காலை சுருண்டு கிடந்தது. திடீர் அவிகுலேரியா மரணம் என்று அதற்கு நோய் மாதிரி ஒரு பெயரும் வைத்தார்கள். நோய்க்கிருமி எதையும் யாரும் காட்டவில்லை. மூடியில் ஓட்டை போட்டுக் காற்றோட்டம் விட்டவர்களிடம் மட்டும் அந்த நோய் எட்டிப்பார்க்கவில்லை.

மரச்சிலந்தி வாழ்வது காட்டின் தரையில் கிடையாது. ஆள் உயரத்துக்கு மேல், காற்று சதா வீசும் இடத்தில். அங்கே மழை பெய்யும், சற்று நேரத்தில் இலை காய்ந்துவிடும். டரான்டுலாவுக்கு வயிற்றின் அடியில் நான்கு புத்தக நுரையீரல்கள். பெயருக்கேற்பத் தாள் தாளாக அடுக்கிய மெல்லிய ஏடுகள், ஒவ்வோர் இடுக்கிலும் காற்று, ஏட்டுக்குள் இரத்தம். நாம் நெஞ்சை விரித்துச் சுருக்கிக் காற்றை இழுப்பதுபோல் அது இழுப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் காற்று தானாகப் புகுந்தால் உண்டு. தேங்கிய ஈரக்காற்றில் பூஞ்சையும் பாக்டீரியாவும் தழைக்கும் டப்பாவுக்குள் அந்த ஏடுகள் என்ன பாடுபடும் என்று ஊகிக்கலாம்.

ஆகவே டப்பா அகலத்தைவிட உயரமாக இருக்கட்டும். வளர்ந்ததற்கு 20 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் தாராளம். ஒரு பக்கச் சுவரில் கீழேயும் எதிர்ச் சுவரில் மேலேயும் காற்றுத் துளைகள் இருந்தால், சூடான காற்று மேலே போக, குளிர்ந்தது கீழே நுழையும். தரையில் நாலைந்து விரல்கடை தேங்காய் நார்க்கழிவு, பெரும்பாலும் காய்ந்தே. சுவரோடு சாய்த்த ஒரு மரப்பட்டை, அதன் மேற்பாதியை மறைக்கும் பிளாஸ்டிக் இலைகள். சிலந்தி இலைக்கும் பட்டைக்கும் நடுவே குழாய் நெய்யும். கதவு மேலே இருந்தால் மூடியோடு சேர்த்துக் குழாயைக் கட்டிவிடும், ஒவ்வொரு தரம் திறக்கும்போதும் வீட்டை இடித்துத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் முன்பக்கம் திறக்கும் கதவு நல்லது. ஒரு சிறு தண்ணீர்க் கிண்ணம், வாரத்துக்கொரு முறை ஒரு பக்கச் சுவரிலும் குழாயின் வாயருகிலும் நாலு துளி. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் தெளிப்பையும் குறைத்துக்கொள்ளலாம். அங்கே பயம் மே மாத வெயில், ஈரக்குறைவு இல்லை. 25 டிகிரியை ஒட்டிய வெப்பம் போதும். 35 தாண்டும் மொட்டை மாடி அறையில் வைக்க நினைப்பவர் இந்த எண்ணத்தையே விட்டுவிடலாம்.

வாங்கும்போது காலை விரித்த அளவில் 5 செ.மீ. தாண்டிய இளசைக் கேளுங்கள். உடம்பு சிறுத்தால் பரப்பு விகிதம் கூடும், நீர் சீக்கிரம் வற்றும். கொஞ்சம் பெரிதானால் நம் பிழைகளைத் தாங்கும். வயிறு முன்னுடம்பைவிடச் சற்றே பருத்திருக்க வேண்டும், சுருங்கியிருக்கக் கூடாது. டப்பாவில் தொட்டால் ஓட வேண்டும். கொண்டுவந்த முதல் வாரம் எதுவும் சாப்பிடாமல் இருக்கலாம். அதற்காகச் சிள்வண்டுகளை உள்ளே கொட்டி வைக்காதீர்கள். தின்னாத பூச்சியை மறுநாள் எடுத்துவிட வேண்டும். சட்டை உரிக்கும் சிலந்தி மெத்தென்று அசையாமல் கிடக்கும், பசித்த சிள்வண்டு அதைக் கடித்துத் தின்றுவிடும். குழாயின் வாயை நூலால் அடைத்துக்கொண்டு சில வாரம் வெளியே வராவிட்டால் அது உரிக்கப் போகிறது என்று பொருள். தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா விடுங்கள். இடம் மாற்றும் நாளில் கதவு சன்னலை மூடி, குளியலறைத் தரையில் உட்கார்ந்து, ஒளி ஊடுருவும் டம்ளரும் மெல்லிய தூரிகையும் வைத்துக்கொண்டு மாற்றுவது உத்தமம். தாவினாலும் முழங்கால் உயரத்துக்கு மேல் விழ இடமிருக்காது.

உரித்த சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் ஒரு சேதி இருக்கிறது. காய்ந்த சட்டையைப் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டுக் கலந்த நீரில் ஊறவிட்டால் சுருங்கிய வயிற்றுப் பகுதி இளகும். பல் குத்தும் குச்சியால் அதை மெதுவாக விரித்தால் உட்புறத்தில் நான்கு வெளிறிய தகடுகள் தெரியும், அவைதான் புத்தக நுரையீரல்களின் உறை. மேல் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு மடிப்பு இருக்கும். அந்த மடிப்பிலிருந்து விந்தைச் சேர்த்துவைக்கும் சிறு பைகள் எழுந்து நின்றால் பெண். வெறுமையாக இருந்தால் ஆண். குஞ்சில் பூதக்கண்ணாடி வேண்டும், 6 செ.மீ. தாண்டினால் வெறுங்கண்ணுக்கே பிடிபட்டுவிடும். பெண் என்றால் பத்தாண்டுக்குமேல் கூட இருக்கலாம். ஆண் பருவமடைந்ததும் சாப்பாட்டைக் குறைத்து, குழாயை விட்டுவிட்டு டப்பா முழுக்க அலையத் தொடங்கும், பிறகு ஓராண்டு ஓடினால் அதிகம். அலைச்சல் தொடங்கும்போதே மற்ற வளர்ப்பவர்களிடம் சொல்லிவைத்தால், பெண் வைத்திருப்பவர் யாராவது இணைக்குக் கேட்டு வாங்கிக்கொள்வார். அப்படிப் போன ஆணுக்குப் பதிலாக முட்டைப்பையில் பொரியும் குஞ்சுகளில் சிலதைக் கேட்டுப் பெறுவது இந்தக் கூட்டத்தில் வழக்கம்.